ஹெபடைட்டிஸ் பி காமாலை: காத்திருப்பதா, மாத்திரையா, ஸ்டீராய்டா, கீழாநெல்லியா?

முப்பது வயதுக்காரர் ஒருவரின் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிலிருபின் (ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி) 9, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சேதமானால் கசியும் நொதி) 2,100, ஹெச்பிஎஸ்ஏஜி (பி வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 1.2. கண்ணும் சிறுநீரும் மஞ்சள், சோற்று வாசனை பட்டாலே குமட்டல். இதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அரைமணி நேரத்தில் யோசனைகள் வந்து விழும். பெரியப்பா கீழாநெல்லி என்பார். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான், 'பி என்றால் உடனே ஆன்டிவைரல் ஆரம்பிக்கணும்' என்பார். ஸ்டீராய்டு போட்டு நாலே நாளில் மஞ்சள் இறங்கிய கதையை இன்னொருவர் சொல்வார். டாக்டர் மட்டும் 'மருந்து எதுவும் வேண்டாம், மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள்' என்று அனுப்பியிருப்பார். இதைச் சொல்லவா இவ்வளவு ஃபீஸ் என்று வீட்டில் முணுமுணுப்பு கிளம்பும்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. புதிதாகத் தொற்றிய ஹெபடைட்டிஸ் பி-யிலிருந்து பெரியவர்களில் 100க்கு 95 பேர் தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். அப்படியானால் எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், 95 பேர் தேறத்தான் போகிறார்கள். யாருக்கு எது கேட்டது என்ற கதைகளை வைத்து இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. வைரஸை அகற்றுவது யார், எப்போது, என்ன விலை கொடுத்து என்று பார்த்தால்தான் வழி தெரியும். என் பக்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மேலே சொன்ன ரிப்போர்ட்டுக்கு டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் வீட்டில் கேட்டார்கள். 'மருந்து வேண்டாம்' என்பது காதில் விழுந்தது. 'மூன்று நாள் கழித்து ரத்தம்' என்பது விழவில்லை.

மஞ்சள் தெரிவதற்கு முன்பே நடந்தவை

பி வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. உள்ளே நுழைந்து, உட்கருவில் தன் டிஎன்ஏவை வட்டமாக மூடி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். முதல் சில வாரங்களுக்கு உடலுக்கு ஆள் வந்த செய்தியே தெரியாது. சிம்பன்சிகளின் கல்லீரலை வாரந்தோறும் பார்த்தபோது, வைரஸ் பெருகும் அந்தக் காலத்தில், வைரஸுக்கு எதிராக உடல் முதலில் சுரக்கும் இன்டர்ஃபெரான் சார்ந்த ஜீன்கள் அசையவே இல்லை. தொற்றிய நாளிலிருந்து காமாலை வரை ஒன்று முதல் நான்கு மாதம் ஆகிறதே, அதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

அப்புறம்தான் டி செல்கள், அதாவது நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள், வருகின்றன. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபிராங்க் சிசாரியின் குழு 2003இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் ஒரு திருப்பம். வைரஸ் உச்சத்தில் இருந்த சிம்பன்சியின் உடலிலிருந்து சிடி8 டி செல்களை (தொற்றிய செல்லைத் தாக்கும் வகை) ஆன்டிபாடி கொடுத்து நீக்கினார்கள். வைரஸ் குறையவில்லை, கல்லீரலும் கெடவில்லை. சில வாரங்களில் சிடி8 செல்கள் திரும்பி வந்ததும் இரண்டும் சேர்ந்தே நடந்தன. வைரஸ் இறங்கியது, கல்லீரல் வீங்கியது. எஸ்ஜிபிடி இரண்டாயிரத்துக்கு ஏறுவதும், உடம்பு வைரஸை விரட்டுவதும் ஒரே செல்களின் வேலை. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படும்போது நாம் பார்ப்பது வைரஸின் பலத்தை அல்ல.

அதே சோதனையில் சிடி4 டி செல்களை (மற்ற எதிர்ப்பு செல்களுக்கு உதவும் வகை) நீக்கியபோது பெரிய மாற்றம் இல்லை. உடனே 'சிடி4 தேவையில்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தொற்றுக்கு முன்பே சிடி4 செல்களை நீக்கிப் பார்த்த பின்னாளைய சோதனையில் சிடி8 செல்கள் சரியாகத் தயாராகவே இல்லை. வழக்கமாகச் சீக்கிரமே அடங்கிவிடும் அளவு வைரஸ்கூட உடம்பில் நிலைத்துவிட்டது. சிடி4 ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுத்துவிடுகிறது. பயிற்சி முடிந்த பிறகு அது இல்லாவிட்டாலும் வேலை ஓடிவிடும்.

முடிவெடுக்க உதவும் சோதனை இன்னும் பழையது. 1999இல் இதே குழு காட்டியது: சிம்பன்சியின் கல்லீரலிலும் ரத்தத்திலும் இருந்த வைரஸ் டிஎன்ஏவின் பெரும்பகுதி, டி செல் கூட்டம் உச்சத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே, கல்லீரல் சேதத்தின் பெரும்பகுதிக்கும் முன்பே, மறைந்துவிட்டது. அதாவது தொற்றிய செல்லையெல்லாம் கொன்று தீர்ப்பதில்லை. டி செல்களும் என்கே செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்களும் இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப் போன்ற செய்திப் பொருள்களைச் சுரக்க, கல்லீரல் செல் உயிரோடு இருக்கும்போதே உள்ளே நகலெடுப்பு நின்றுபோகிறது. கொலை நடப்பது மிச்சத்தில்தான். நியாயமாகப் பார்த்தால் இது பெரிய அதிர்ஷ்டம். தொற்று உச்சத்தில் இருக்கும்போது கிட்டத்தட்ட எல்லாக் கல்லீரல் செல்லிலும் வைரஸ் இருக்கலாம். அத்தனையையும் கொன்றால் ஆள் மிஞ்சமாட்டார்.

அந்தக் கொலை எப்படி நடக்கிறது என்பதை எலிகளில் நேரடியாகவே படம் பிடித்திருக்கிறார்கள். கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் சல்லடைபோல் ஓட்டைகள் உண்டு. குழாய்க்குள் ஒட்டி நிற்கும் சிறு தட்டணுக் கூட்டத்தில் டி செல் வந்து நிற்கிறது. பிறகு சுவரோரமாக ஊர்ந்து, அந்த ஓட்டை வழியாக மெல்லிய விரல்களை நீட்டி, மறுபக்கம் இருக்கும் கல்லீரல் செல்லைத் தடவிப் பார்க்கிறது. தொற்று இருப்பது தெரிந்தால் குழாயை விட்டு வெளியே வராமலேயே வேலையை முடித்துவிடுகிறது. 2015இல் வந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு தட்டணுக்களை வெறும் ரத்தம் உறைய வைக்கும் துணுக்குகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதற்குப் பிரேக்கும் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை. எலிகளில் இவற்றை நீக்கினால் வைரஸ் சீக்கிரம் போகிறது, கல்லீரல் சேதமும் கூடுகிறது. இருந்தால் சேதம் குறைகிறது, வைரஸ் போகத் தாமதமாகிறது. எதிர்ப்பை ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டுமே விலை கேட்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு யோசனைகளையும் பார்க்கலாம்.

ஸ்டீராய்டு: மஞ்சள் இறங்கும், அதனால்தான் ஆபத்து

சேதம் செய்வது நம் செல்கள்தான் என்றால் அவற்றை அடக்கினால் என்ன? கேள்வி நியாயமானது. 1970களில் டாக்டர்களும் இதையே கேட்டார்கள். கடுமையான வைரல் ஹெபடைட்டிஸ் உள்ளவர்களில் சிலருக்கு ஸ்டீராய்டும் சிலருக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1976இல் வெளியானது. ஸ்டீராய்டு வாங்கியவர்களில்தான் இறப்பு அதிகம்.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. சிடி8 செல்கள் அடங்கினால் எஸ்ஜிபிடி இறங்கும், பிலிருபினும் இறங்கும், வீட்டில் நிம்மதி. அந்த நிம்மதியில் வைரஸ் பெருகும். பி வைரஸின் டிஎன்ஏவிலேயே ஸ்டீராய்டுக்குப் பதில் கொடுக்கும் ஒரு பகுதி இருப்பதால், மருந்து அதற்குத் தீனியாகவும் ஆகிறது. பிறகு ஸ்டீராய்டை நிறுத்தும்போது டி செல்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து, பெருகிக் கிடக்கும் வைரஸைப் பார்த்துப் பாயும். நான்கு வழிகளில் இது ஒன்றைத்தான் தயக்கமே இல்லாமல் தள்ளிவிடுவேன். என்ன ஊசி என்று சொல்லாமல் 'காமாலை ஊசி' போடும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆன்டிவைரல்: யாருக்கு என்பதுதான் கேள்வி

என்டெகாவிர், டெனோஃபோவிர் என்ற வைரஸ் அடக்கும் மாத்திரைகள் இரண்டும் நல்ல மருந்துகள். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யில் உயிர் காப்பவை. 2018இல் தொடங்கிய அரசின் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசமாகவும் கிடைக்கிறது. பிறகு ஏன் இந்த முப்பது வயதுக்காரருக்கு வேண்டாம்?

டெல்லியில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியான பதில். புதிதாக பி தொற்றிய 71 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் லாமிவுடின் என்ற ஆன்டிவைரல், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. நான்காவது வாரத்தில் மருந்து வாங்கியவர்களின் ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் காமாலை குறைவதிலோ, ஆள் தேறுவதிலோ முன்னேற்றம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பாதுகாப்பு ஆன்டிபாடி உருவானவர்கள் மருந்துக் குழுவில் சுமார் 68 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 85 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதியானதல்ல என்பதால் 'மாத்திரை எதிர்ப்பைக் கெடுக்கிறது' என்று சொல்லமாட்டேன். ஆனால் அவசரப்பட்டுத் தொடங்கி லாபம் ஒன்றுமில்லை என்று சொல்ல இது போதும். மஞ்சள் தெரிகிற நாளில் வைரஸ் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருக்கிறது. இறங்குகிற ஒன்றை இன்னும் கொஞ்சம் இறக்கும் மாத்திரை, கல்லீரலில் நடந்துகொண்டிருக்கும் டி செல் வேலையைத் தொடுவதில்லை.

இரண்டு இடங்களில் கணக்கு மாறும். ஐஎன்ஆர் 1.5ஐத் தாண்டிப் போனால், அல்லது காமாலை வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால், ஆன்டிவைரல் கொடுக்கத்தான் வேண்டும். அங்கேயும் அது அற்புதம் செய்வதில்லை. மிகக் கடுமையான நிலையில் டி செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்திருப்பதால் வைரஸ் ஏற்கெனவே துடைக்கப்பட்டிருக்கும். சிலருக்கு ஹெச்பிஎஸ்ஏஜியே நெகட்டிவ் என்று வந்து டாக்டரையே குழப்பும். ஆனாலும் கொடுப்பதில் தீங்கு குறைவு. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனால் புதுக் கல்லீரலுக்கு வைரஸ் பரவாமலிருக்கவும் உதவும்.

இன்னோர் இடம், நம் ஊரில் அடிக்கடி கோட்டை விடும் இடம்: இது உண்மையிலேயே புதுத் தொற்றுதானா? பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து பி வாங்கியவருக்கு முப்பது வயதில் டி செல்கள் திடீரென விழித்துக்கொண்டாலும் இதே மாதிரிதான் காமாலை வரும், இதே எஸ்ஜிபிடிதான் வரும். அவருக்குக் காத்திருப்பது தவறு, மாத்திரை வேண்டும். பிரித்துச் சொல்ல, புதுத் தொற்றில் உருவாகும் ஆன்டிபாடியைத் தேடும் ஆன்டி ஹெச்பிசி ஐஜிஎம் டெஸ்ட் இருக்கிறது; பழைய தொற்று கிளம்பும்போதும் அது சில நேரம் பாசிட்டிவாக வருவதால், ஸ்கேனையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பி இருக்கிறதா என்ற கேள்விக்கான பதில் சில நேரம் லேப் ரிப்போர்ட்டைவிட உதவும்.

பிறந்த குழந்தையைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் 10க்கு 9 பேருக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, பெரியவர்களில் 20க்கு ஒருவருக்கும் குறைவு. அந்தக் குழந்தைகளுக்குக் காமாலை வருவதே அபூர்வம். முதிராத டி செல்கள் சண்டைக்கே போகவில்லை, அதனால் மஞ்சளும் இல்லை, விடுதலையும் இல்லை. மஞ்சளாகிப் படுத்துக் கிடக்கும் பெரியவருக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

கீழாநெல்லி, அப்புறம் 'இம்யூனிட்டி பூஸ்டர்'

கீழாநெல்லியை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமல்ல. 1988இல் லான்செட் இதழில் சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜன் குழுவின் கட்டுரை வந்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பரூக் பிளம்பெர்க்கும் அதில் ஒரு பெயர். நாள்பட்ட பி தொற்றாளர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது என்றார்கள், அதாவது 59 சதவீதம். வெற்று மருந்துக் குழுவில் 4 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்து உலகமே திரும்பியது. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. பின்னர் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். கவனியுங்கள், அந்த ஆய்வுகூட நாள்பட்டவர்களைப் பற்றியது. புதிதாகத் தொற்றியவருக்கு 95 சதவீதம் தானாகப் போகிற நோயில் கீழாநெல்லியின் பங்கைப் பிரித்துக் காட்டுவது இன்னும் கடினம்.

சுத்தமாகப் பறித்த கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துவிட்டு டெஸ்டுக்கும் போகிறவரோடு நான் சண்டை போடமாட்டேன். டெஸ்டுக்குப் போகாமல் அதை மட்டும் குடிப்பவர்தான் கவலை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் உருண்டையும் வேறு விஷயம். கல்லீரல் ஏற்கெனவே திணறும்போது அதற்குத் தெரியாத பொருளைக் கொடுப்பது சூதாட்டம்.

பூஸ்டர்களிடம் எனக்கு இந்தப் பொறுமை இல்லை. கோவிட் காலத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்பு சக்திக்காகக் குடித்தவர்களில் கல்லீரல் பாதிப்பு வந்ததை முதலில் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். பிறகு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளைப் பற்றி 2022இல் கட்டுரை வந்தது. பலருக்கு இருந்தது, நோயெதிர்ப்பு செல்கள் தன் கல்லீரலையே தாக்கும் வகை. ஆயுஷ் அமைச்சகம் இந்த முடிவை மறுத்தது. அந்த வாதம் அங்கே இருக்கட்டும். காமாலை நேரத்தில் எதிர்ப்பைத் தூண்டுவது என்ற யோசனையே தலைகீழ் என்பதுதான் என் ஆட்சேபம். எஸ்ஜிபிடி 2,100 உள்ளவருக்கு எதிர்ப்பு செல்களில் குறை ஒன்றுமில்லை.

பத்தியத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம். எண்ணெய், உப்பு, மஞ்சள்தூள் எல்லாம் நிறுத்தி வெறும் கஞ்சியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயிறு ஏற்பதைச் சாப்பிடலாம். காலையில் குமட்டல் குறைவாக இருந்தால் அப்போது நன்றாகச் சாப்பிடுவது நல்லது. சாராயம் கூடவே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்கூட டாக்டரிடம் கேட்டு, குறைந்த அளவில்தான்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல

நான் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான் என்பதால் இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பி காமாலையில் 100க்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு டி செல்களின் வேலை எல்லை மீறிக் கல்லீரல் செயலிழக்கும். அந்த ஒருவர் யார் என்று முதல் நாளில் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம்.

வீட்டில் எல்லோரும் பார்ப்பது பிலிருபினையும் எஸ்ஜிபிடியையும். பார்க்க வேண்டியது ஐஎன்ஆர். எஸ்ஜிபிடி என்பது செத்த செல்களிலிருந்து கசிந்தது. ஐஎன்ஆர் என்பது மிஞ்சிய செல்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது. எஸ்ஜிபிடி 2,100லிருந்து 400க்கு இறங்கி, அதே நேரம் ஐஎன்ஆர் 1.2லிருந்து 1.9க்கு ஏறினால், அது தேறும் அறிகுறி இல்லை. கசிவதற்குக்கூட செல் மிச்சமில்லை என்று பொருள். 'எஸ்ஜிபிடி நன்றாகக் குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டு ஆஸ்பத்திரி போகாமல் விடுவது இந்த இடத்தில்தான். பித்தம் அடைபட்டு வைட்டமின் கே குறைந்தாலும் ஐஎன்ஆர் ஏறும். அதனால் அந்த ஊசியைப் போட்டு மறுபடி பார்ப்பார்கள். இறங்கிவிட்டால் நல்ல செய்தி.

எண்ணுக்குக் காத்திராமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள் உண்டு. பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது, பேச்சில் குழப்பம், எரிச்சல், நிற்காத வாந்தி. அப்போது போக வேண்டியது கல்லீரல் மாற்று வசதி உள்ள, அல்லது அங்கே உடனே அனுப்பக்கூடிய ஆஸ்பத்திரிக்கு.

வைரஸ் மாறினால் தீர்ப்பும் மாறும்

மேலே சொன்னது பி-க்கு. ஹெபடைட்டிஸ் ஏ என்றாலும் காத்திருப்பதுதான், ஏனெனில் அது நாள்பட்டு நிற்பதில்லை. ஆனால் சிறு குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும் ஏ, பெரியவரைப் படுக்கையில் தள்ளுவது ஏன்? கொரிய ஆய்வாளர்கள் 2018இல் சொன்னது சுவாரசியமானது. தொற்றிய செல்கள் விடும் ஐஎல்-15 என்ற பொருள், இந்த வைரஸோடு சம்பந்தமே இல்லாத, முன்பு வேறு கிருமிகளைச் சந்தித்த நினைவு டி செல்களையும் கிளப்பிவிடுகிறது. கல்லீரல் சேதம் இவற்றோடுதான் ஒத்துப்போகிறது. வயது ஏற ஏற இப்படிப்பட்ட நினைவு செல்கள் கூடும் என்பதால் பெரியவர்களுக்குக் கடுமை என்பது பொருந்திவரும் ஊகம், அவ்வளவுதான்.

ஹெபடைட்டிஸ் ஈ-யில் கர்ப்பிணிகள் தனி. மூன்றாவது மூன்று மாதத்தில் ஈ வந்தால் இறப்பு 20 சதவீதத்தைத் தொடலாம். வீட்டில் வைத்துக் காத்திருக்கும் பேச்சே கிடையாது. ஐரோப்பாவில் உறுப்பு மாற்றம் செய்தவர்களிடம் ஈ நாள்பட்டு நிற்பதைப் பார்த்தார்கள். அங்கே முதல் சிகிச்சை, எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பது. மூன்றில் ஒருவருக்கு அதிலேயே வைரஸ் போய்விடுகிறது. டி செல்களை விட்டுவைத்தாலே போதும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி மனிதர்களிடம் கிடைப்பது அரிது.

ஹெபடைட்டிஸ் சி-யில்தான் நான் கட்சி மாறுகிறேன். அங்கே டி செல்கள் பெரும்பாலும் தோற்கின்றன. வைரஸ் உருமாறித் தப்பிக்கிறது, சிடி4 உதவி பாதியில் நின்றுபோகிறது, சிடி8 செல்கள் களைத்துவிடுகின்றன. தானாக விடுபடுவோர் 100க்கு 15 முதல் 45 பேர்தான். முன்பு மூன்று, நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சிகிச்சை என்றார்கள், ஏனெனில் இன்டர்ஃபெரான் ஊசியின் தொல்லை அப்படி. இப்போது 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகும்போது பொறுப்பதில் அர்த்தம் இல்லை. இதையும் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

பி-க்குத் திரும்பினால், மஞ்சள் போனதும் கதை முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து ஹெச்பிஎஸ்ஏஜி மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் பாசிட்டிவ் என்றால் அது நாள்பட்ட தொற்று. வீட்டில் இருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கணவன் அல்லது மனைவிக்கு, டெஸ்ட் செய்து தடுப்பூசி போட வேண்டும், அதுவும் ஆறு மாதம் தள்ளாமல் உடனே. நெகட்டிவ் ஆனவருக்கும் ஒரு வேலை பாக்கி. உட்கருவில் வட்டமாக மூடிய அந்த டிஎன்ஏ முழுசாகப் போவதில்லை. டி செல்களும் ஆன்டிபாடியும் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கின்றன. இருபது வருடம் கழித்துப் புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ ரிடக்ஸிமாப் மாதிரி எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால் கட்டு அவிழ்ந்துவிடும். அதனால் இந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் 'எனக்கு ஒருமுறை ஹெபடைட்டிஸ் பி வந்து போனது' என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.